சில்லுனு ஏசிக்கு வந்த அழைப்புகள்

மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். காலையிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. துணியை உதறிப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

இன்று: லீடு கோர்ஸ் கடைசிப் பாடம். கேஸ் புக் பண்ண. அம்மாவுக்கு போன் (மறந்தாச்சு).

கோர்ஸ் மாஸ்டர் இந்த வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு, "நண்பர்களே, தூங்கும்போதும் பணம்" என்கிறார். அவர் சொல்வது இவ்வளவுதான். ஏசி ரிப்பேர், தண்ணித் தொட்டி கழுவுவது என்று எதையாவது எடு. ஊர்ப் பெயர் போட்டு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய். புது சிம் நம்பர் கொடு. மேப்பில் எங்காவது ஒரு புள்ளி வை. ஆள் தேடுகிறவர்கள் உன்னைக் கூப்பிடுவார்கள். அந்த அழைப்புதான் லீடு. அதை உள்ளூர்க் கடைக்காரருக்கு விற்றுவிடு. முதலில் சும்மா கொடு, பழகியதும் மாதக் கட்டணம். நமக்குக் கடையும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம்.

இந்த மாதிரி கோர்ஸ்களைப் பார்த்து ஒரு வெப்சைட்டுக்கு மார்க் போட்டுக் கொடுப்பது என் வேலை. இதுவரை போட்டது எல்லாம் பத்துக்கு இரண்டு, மூன்று. ஒரு தடவை பூஜ்யம். அத்தனையும் டுபாக்கூர். இதையும் கிழித்துத் தோரணம் கட்டலாம் என்றுதான் போன மாதம் மாஸ்டர் சொன்னதை அப்படியே செய்து பார்த்தேன். பெயர் "சில்லுனு ஏசி". அதுவும் அவர் கொடுத்த பெயர்தான்.

கிழிக்க முடியாது போலிருக்கிறது. அந்தப் புது சிம் போட்ட டெஸ்ட் போன் சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பா பக்கத்தில், நாள் முழுக்கக் கத்துகிறது. எடுத்து, விலாசம் கேட்டு, எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் தள்ளுகிறேன். அவர்கள் ஆள் அனுப்புகிறார்கள். இன்று அவர்களாகவே, "மேடம், மாசத்துக்கு எவ்ளோன்னு பேசிடலாமா?"

சத்தியமாகச் சந்தோஷம். ஏதோ நானே ஜெயித்த மாதிரி. ராத்திரிக்குக் கேசரி கிண்டினேன்.

மே 6, புதன்

கரண்ட் போய்ப் போய் வந்தது. கேஸ் இன்னும் புக் பண்ணவில்லை.

கோமதி அக்கா மேலே வந்தார். கீழ் வீடு, செல்வம் அண்ணன் மனைவி. அண்ணன் வாசல் அறையையே கடையாக வைத்து ஏசி, பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறார். நாங்கள் முத்தியால்பேட்டைக்குக் குடிவந்த நாளிலிருந்து பழக்கம். அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். கேட்டதும் போகவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

"மே மாசத்துல அவரு மதியானம் வீட்ல படுத்து நான் பாத்ததே இல்ல கலா. இந்த வருஷம் படுத்துனு இருக்காரு. போனே வரமாட்டேங்குது."

"இப்பதான அக்கா வெயில் ஆரம்பிச்சிருக்கு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அலமாரியில் டெஸ்ட் போன். நான் அசையவில்லை. "எடும்மா, யாரோ அவசரமா கூப்புடறாங்க" என்கிறார் அக்கா. லோன் வேணுமான்னு கேக்கறவங்க அக்கா, வேற வேலை இல்ல என்று ஒரு பொய். சொல்லும்போது வாய் கூசவில்லை. அவர் படி இறங்கினதும் கூசியது.

கறிவேப்பிலை மேடையிலேயே கிடக்கிறது. கொடுக்க மறந்தேன். கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.

மே 7, வியாழன்

சோறு இறங்கவில்லை. மோர் மட்டும்.

வருகிற அழைப்புகளை ஏன் அண்ணனுக்கே கொடுக்கவில்லை? என்னிடம் சுத்தமான காரணம் இருந்தது. தெரிந்தவருக்குக் கொடுத்தால் சோதனை நியாயமாக இருக்காது. முன்பின் தெரியாத கடைக்கு அனுப்பி, அவர்கள் காசு கொடுக்க வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். நானே எனக்குப் போட்ட விதி. நேர்மையாம்! தூ.

இன்னொன்று. ஏசி ஆள் தேடுகிறவர்கள் எல்லாம் எங்கிருந்தோ புதிதாக வருகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் யாரோ ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்தானே அவர்கள்? இது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை. எம்.காம். படித்த மண்டை.

வீட்டுக்காரர் மூர்த்தியிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டபடி: "ஊர்ல அவரு ஒருத்தர்தான் ஏசி பாக்கறாரா? நீ எடுத்துட்டா வேற எவனாவது போடுவான். பேசாம விடு."

எனக்குத் தோதாகப் பேசினால்தான் இந்த மனுஷன்மேல் சந்தேகம் வருகிறது. ஆனாலும் பேசாமல்தான் இருந்தேன்.

மே 9, சனி

கேஸ் தீர்ந்தது. எதிர்பார்த்ததுதான்.

சிலிண்டருக்கு ஆள் வந்தானா என்று பார்க்க இறங்கினேன். செல்வம் அண்ணன் பிடித்துக்கொண்டார். கையில் போன். போனில் என் சில்லுனு ஏசி பக்கம்.

"கலா, நீ கம்ப்யூட்டர்லயே இருக்கற பொண்ணு. இத கொஞ்சம் பாரேன். புதுசா எவனோ வந்துருக்கான். மேப்ல காட்டற எடத்துக்கு வண்டி எடுத்துனு போனேன். லாஸ்பேட்டைல காலி மனை. ஆடு மேயுது."

அந்தப் புள்ளியை வைத்தது நான். காபி குடித்துக்கொண்டே வைத்தேன்.

"அந்த சொல்தா வீட்டுப் பெரியவரு இல்ல, பிரெஞ்சு பட்டாள பென்ஷன்காரரு? அவரு வீட்டுக்கு ஏசி வந்த நாள்லருந்து நான்தான் பாக்கறேன். இந்த வாட்டி அவரு பையன் இவனுக்குப் போன் போட்டுட்டான். யாரோ வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்க. என் வண்டி அந்தத் தெருவுலயே நின்னுனு இருந்துது."

நான் ஏதோ தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கத்தில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"இந்தக் கையப் பாரு. செப்புக் காப்பு. என் கைதான் இது. எந்த வீட்ல மாட்டினதுன்னு தெரியல. எவ்ளோ வீட்ல மாட்டியிருக்கேன், யாரோ எடுத்துக் குடுத்துருக்காங்க."

எங்கள் வீட்டில் மாட்டியது. போன கோடையில் நான் எடுத்த போட்டோ. அன்றைக்குக் கூலிகூட வாங்கவில்லை. "மேல் வீட்டுக்குப் போய் கூலியா, போம்மா" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பக்கத்துக்கு ஒரு போட்டோ தேவைப்பட்டது, கைக்கு அகப்பட்டதைப் போட்டேன். அவ்வளவு அலட்சியம்.

"கண்டுபுடிச்சுக் குடும்மா. சண்டைக்கெல்லாம் போவல. ஏம்ப்பா இப்பிடிப் பண்றன்னு கேக்கணும்."

"பாக்கறேன் அண்ணே" என்றேன்.

பார்க்கிறேனாம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மே 10, ஞாயிறு

மூர்த்தியோடு ஞாயிறு சந்தை. தலையணை உறை நான்கு, வடிகட்டி ஒன்று. காந்தி வீதியில் வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் எந்த ஏசியைப் பார்த்தாலும் இது யார் மாட்டியதோ என்று நின்றேன்.

வெப்சைட்டிலிருந்து பிரபு போன். சென்னைக்காரர், என்னைவிடச் சின்னவர், எப்போதும் அவசரம்.

"கோர்ஸ் வேலை செய்யுதா இல்லையா மேடம்? அதான நம்ம கேள்வி."

"செய்யுது."

"அப்பறம் இன்னா யோசனை? நாளைக்குக் காலைல போட்டுடுங்க."

இன்னொருத்தர் பிழைப்பு போகிறது சார் என்று சொன்னேன். "அதுக்கு நம்ம மார்க் ஃபார்ம்ல எடம் இல்லியே மேடம்" என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே இடம் இல்லை, நானும் தேடிப் பார்த்தேன்.

பக்கத்தை அழிக்கப் போனேன். அழிக்கவா என்று அதுவே கேட்டது. மார்க் போடும்வரை சாட்சிக்கு வேண்டுமே என்று ஒரு சாக்கு கிடைத்தது. விட்டுவிட்டேன்.

மே 11, திங்கள்

காலை. மார்க் அனுப்பிவிட்டேன். ஒன்பது. இரண்டு, மூன்று என்றே போட்டுப் பழகிய கை. இனி ஊர் ஊருக்கு ஒரு சில்லுனு ஏசி வரும்.

மதியம். காற்றே இல்லை. கீரை கடைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் கீழே கோமதி அக்கா குரல்: "கேட்டாத்தான் இன்னா? அவங்களுக்கும் ஆள் வேணுமில்ல? ரோஷம் பாத்துனு எத்தினி நாளைக்குப் படுத்துனு இருப்ப?" அண்ணன் சொன்னது கேட்கவில்லை.

டெஸ்ட் போன் அடித்தது. தினமும் படி ஏறும்போது கடைப் பலகையில் பார்க்கிற நம்பர். எடுத்துவிட்டேன்.

"சார் வணக்கம், சில்லுனு ஏசிங்களா? ஆள் எடுக்கறீங்களான்னு கேக்கலாம்னு போட்டேன். எல்லா மாடலும் பாப்பேன் சார். உங்க பக்கத்துல ஒரு போட்டோ இருக்குதே, அது நான் மாட்டினதுதான்."

போனிலும் அதே குரல், ஜன்னலிலும் அதே குரல்.

"அண்ணே, நான் கலா. போன வைங்க. வர்றேன்."

இறங்கிப் போனேன். எல்லாம் சொன்னேன், முன்பின் மாற்றி, அழுகையும் மூக்குமாக. அக்கா உள்ளே போய்விட்டார். அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்ப அந்த வேலையெல்லாம் எனக்கே குடுத்துருக்கலாமேம்மா" என்றார். "மேலருந்து ஒரு குரல் குடுத்துருந்தா போதுமே."



கையிலிருந்த டெஸ்ட் போன் அடித்தது. அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"யாரோ வெயில்ல வேகறாங்க, பாவம்" என்று அவராகவே வாங்கிக் காதில் வைத்தார். சில்லுனு ஏசியா என்று ஒரு பெண் கேட்டது என் காதிலும் விழுந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். "சில்லுனு ஏசிதான். சொல்லுங்க."