என் ஷூ உன் அத்தையிடம் இருக்கிறது

யோஃப்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கினேவுக்கு, அம்மா அராம் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் சமாதானம், சமாதானம்தான் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் இந்தத் தடவை அதை எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டில் யாருக்கும் நோய் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் சர்க்கரையைத் தவிர வேறொன்றும் இல்லை, அது உனக்குத் தெரிந்ததுதான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், பக்கத்தில் அவர் அக்கா, உன் பென்டா அத்தை, உட்கார்ந்திருப்பாள், நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவாள். அதனால்தான் சலியின் அண்ணன் பிரான்சுக்கு, மார்சேய்க்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டதும் அவர் கையில் கொடுத்துவிட இதை எழுத உட்கார்ந்தேன். சலி யாரென்று ஞாபகம் இருக்கும், மீன் சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருப்பவள், சாயங்காலம் என்னோடு கடற்கரையில் நடப்பவளும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை நீ போனில் அழுதாய். "அம்மா, எனக்காக அந்த நடையை விட்டுடும்மா, நல்லா சாப்பிடு, நான் டிக்கெட் போட்டு வந்துடறேன்" என்றாய். அதைக் கேட்டதும் அப்பா "பாத்தியா, என் மகளே சொல்லிட்டா, இனி இதப்பத்தி பேச்சே கூடாது" என்று எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார். இந்த வீட்டில் அவர் உன் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லைக் கேட்டிருக்கிறார்? ஆக, நான் நடப்பதும் நடக்காததும் இப்போது நீ சொல்லப்போவதில்தான் இருக்கிறது. நான் எலும்பும் தோலுமாகிவிட்டேன், ஏதோ பெரிய வியாதியை மூடி மறைக்கிறேன் என்று அத்தை உன்னிடம் சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்லவில்லை கினே, அப்படித்தான் உண்மையிலேயே நம்புகிறாள், பொய்யாக இருந்தால் நான் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

நபூ பெரியம்மாவை நினைத்துப் பார். அவள் தெருவில் இறங்கினால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள், என்ன நிறைவு, என்ன நடை, புருஷன் ராணி மாதிரி வைத்திருக்கிறான் என்பார்கள். சர்க்கரையால் ஒரு காலை வெட்டி எடுத்த பிறகும் அப்படித்தான் சொன்னார்கள், அடக்கம் செய்த அன்றைக்கும் உன் அத்தை "கடைசிவரைக்கும் நபூ இளைக்கவே இல்ல" என்று பெருமையாகத்தான் சொன்னாள். அடுத்த மழைக்காலத்தில் என் குதிகாலில் பிளாஸ்டிக் செருப்பு உரசிப் புண் வந்து ஆறவே மாட்டேன் என்றபோது நான் பயந்த பயம் உனக்குத் தெரியாது, உன்னிடம் சொல்லவும் இல்லை. மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா கோபமாகவே சொன்னாள், "மாத்திரை பாதி, கால் பாதி. தெனமும் நடங்க, வெறுங்காலோட மட்டும் நடக்காதீங்க" என்று. புண் ஆறியதும் ஷூ வாங்கினேன். முதல் வாரம் மீன் சந்தை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது, மறுநாள் போகாமல் இருக்க நூறு சாக்குத் தேடினேன், சலிதான் வாசலில் நின்று "கடல் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது, எந்திரி" என்று கத்துவாள். மணலில் ஓடும் மல்யுத்தக்காரப் பையன்கள் என்னைப் பார்த்து "அம்மா, நம்ம அணியில சேர வந்தீங்களா, எங்க பயில்வானத் தூக்கிப் போட்டுடுவீங்க போல" என்று கிண்டல் செய்வார்கள், இப்போது நான் ஒரு நாள் வராவிட்டால் அவர்களே சலியிடம் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், விடிந்ததிலிருந்து இந்த வீட்டில் யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், சாயங்காலம் அந்த ஒரு பொழுதுதான் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த ஒரு பொழுதை நான் விரும்புகிறேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் உடம்பு இளைக்க இளைக்க ஊர் வாய் பெருத்தது. உன் அப்பா இப்ரா வீட்டில் அரிசி இல்லையாம், இப்ரா இன்னொருத்தியைப் பார்த்துவிட்டாராம், பிரான்சில் இருக்கும் மகள் தாயை மறந்துவிட்டாளாம். கடைசிப் பேச்சு உன் காதுக்கும் வந்திருக்கும், அதுதான் உன்னை அத்தனை அழ வைத்தது என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அத்தை தினமும் மதியம் வந்து எங்களோடு ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, மீனைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளுவாள், எண்ணெய் வழியும் சோற்றையும் தள்ளுவாள், வேண்டாம் என்றால் அவளை அவமதித்ததாகிவிடும். உன் தம்பி ஒமாரின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள் நெருங்கியதும் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. "சம்பந்திவீட்டார் முன்னாடி குச்சியாட்டம் வந்து நின்னு என் தம்பி மானத்த வாங்கப் போறியா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் பெட்டியிலிருந்து நல்ல நெசவுத் துணிகளை எடுத்துவந்து, நான் மூச்சுவிட முடியாமல் திணறத் திணற, இடுப்பைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினாள், அதன்மேல் கஞ்சி போட்ட பெரிய அங்கியை மாட்டிவிட்டாள். "அண்ணி, வேண்டாம், மயக்கமா வருது" என்றேன். "மயங்கினாலும் குண்டாவே மயங்கு" என்றாள்.

இமாம் குழந்தையின் காதில் நபூ என்று பேர் சொன்னார், பெரியம்மாவின் பேர்தான், அதைக் கேட்டு அழுதேன். பிறகு புகழ் பாடிப் பரிசு வாங்குகிற பாட்டுக்காரி எழுந்து மேளக்காரர்களைக் கூப்பிட்டு, இப்ரா வீட்டு மனைவியைப் பாருங்கள், நிறைந்த களஞ்சியம்போல் நிற்கிறாள் என்று பாடி, என் கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிட்டாள். ஆடாமல் இருக்க முடியுமா, பேரக்குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள் ஆயிற்றே. இரண்டு சுற்று ஆடியிருப்பேன், அத்தை போட்ட முடிச்சு அவிழ்ந்தது. ஒவ்வொரு துணியாக நழுவி எல்லோருக்கும் முன்னால் என் காலடியில் விழுந்தது, மேளம் நின்றுவிட்டது. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போலிருந்தது. பாட்டுக்காரி கெட்டிக்காரி, சட்டென்று குனிந்து அத்தனையையும் வாரி எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்தீங்களா மக்களே, என் அராமோட தாராளத்த, மத்தவங்க ஒண்ணு கொடுப்பாங்க, இவ உதிர்த்துக் கொடுக்கிறா!" என்று கத்தினாள். பந்தலே சிரித்தது. கொடுத்ததாகிவிட்ட பொருளைத் திருப்பிக் கேட்க முடியாதே, அத்தையின் நல்ல துணிகளெல்லாம் அவளோடு போய்விட்டன. அந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்து, உடம்பில் பாரம் இல்லாமல், நன்றாகவே ஆடினேன். ஆனால் உன் அப்பா சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், அதைப் பார்த்தபோதுதான் என் கால் நின்றது.

விருந்தாளிகள் போனதும் அத்தை நேராக என் அறைக்குப் போனாள், ஷூவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இது இருந்தாத்தான நீ போவ" என்றாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து நான் நடக்கவில்லை. முற்றத்தில் சுற்றிப் பார்த்தேன், கோழிகளும் துணிக்கொடியும்தான் குறுக்கே வருகின்றன. பிளாஸ்டிக் செருப்பில் நடக்க எனக்குப் பயம், வெறுங்காலோடு போகவும் பயம். நேற்றிலிருந்து இடது கால் விரல்களில் மறுபடி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. சாயங்காலம் சலி வாசலுக்கு வந்து நிற்கிறாள், கத்துவதில்லை, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன பெருநாளுக்கு நீ அனுப்பிய படத்தை எல்லோரும் கையில் வாங்கி, கினே நன்றாகச் சதை பிடித்துத் தேறிவிட்டாள் என்று மகிழ்ந்தார்கள். எனக்கு அதில் நபூவின் முகம் தெரிந்தது. நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்தே இருப்பதாகச் சொல்கிறாய், தாகம் தாகம் என்று ஒரு தடவை சொன்னாய், இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தாயா? அதை இந்த வாரமே செய்.

கினே, நீ வர வேண்டாம், டிக்கெட் போடாதே, உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவைக் கூப்பிட்டு, அம்மா நடக்கட்டும் என்று ஸ்பீக்கரிலேயே, அத்தை கேட்கும்படி சொல். பிறகு எனக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பு. இங்கே கடையில் இல்லாமல் இல்லை, ஆனால் அவருக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக வாங்கிப் போட்டுக்கொள்ள எனக்கு மனமில்லை. நீ அனுப்பியதென்றால் அவரே தெரு முழுக்க எடுத்துப்போய், என் மகள் பிரான்சிலிருந்து அனுப்பினாள் என்று காட்டுவார், அதற்குப் பிறகு போடாதே என்று எந்த வாயால் சொல்வார்? மகள் மறந்துவிட்டாள் என்றவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நடக்கத் திடமான கால்களும் தரட்டும், உன் வீட்டில் சமாதானம் தங்கட்டும், மாப்பிள்ளைக்கு என் சலாம். மறந்துவிடாதே, உடம்பு இளைத்தாலும் என் கால் இளைக்கவில்லை, அளவு பழையதுதான், உன் அளவேதான். கடையில் உன் காலில் போட்டு நாலடி நடந்து பார். பொருந்தினால் இரண்டு ஜோடியாக வாங்கு, ஒன்றை எனக்கு அனுப்பு, இன்னொன்றைக் கழற்றாமல் அப்படியே வீட்டுக்கு நடந்து போ.

உன் அம்மா,
அராம்