2218-ஆம் எண் பாதை

பிப்ரவரி 11

அன்புள்ள டோபினுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்வது, போனைத்தான் நீ எடுப்பதில்லையே. கிறிஸ்துமஸ் அட்டையின் உறையில் இருந்த அலாஸ்கா துறைமுக முகவரிக்கு இதை அனுப்புகிறேன். மீன்பிடிப் படகிலிருந்து இறங்கிய அன்றே படித்துவிடு. இதில் ஒரு கெடு இருக்கிறது.

உன் அப்பாவுக்கு ஆக்சிஜன் இயந்திரம் இப்போது பகலிலும் ஓடுகிறது. சுரங்கத்தில் முப்பது வருடம் விழுங்கிய தூசி நுரையீரலை விட்டுப் போவதாக இல்லை. புது டாக்டர் சின்னப் பெண், பேச்சில் தயவு தாட்சண்யமே கிடையாது. "ஒண்ணு தூசி போகணும், இல்லே நீங்க அந்த வீட்டை விட்டுப் போகணும்"னு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அதற்கு இவர், "நான் எங்கேயும் போறதா இல்லே. தூசிகிட்ட பேசிப் பாருங்க"ன்னு சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வண்டியில் ஏறும்போது மூச்சு வாங்கியதைப் பார்த்திருந்தால் உனக்குக்கூட அவர்மேல் கோபம் வந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாலைவனத்தில் எந்தெந்தப் பாதையில் பைக்கும் மணலில் ஓட்டுகிற வண்டியும் ஓடலாம் என்று அரசு நில அலுவலகம் புதிதாக வரைபடம் போட்டிருக்கிறது. நீலக் கோடு என்றால் திறப்பு, சிவப்பு என்றால் மூடல். முடிவு பண்ணுவதற்கு முன் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். அறுபது மைல் வண்டி ஓட்டிப் போய் ஒரு பிரதி வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். நம் கொட்டகைக்குப் பின்னால், வறண்ட ஓடையிலிருந்து மின்கம்பி ரோடு வரைக்கும், நீ பதினேழு வயதில் பைக்கை ஓட்டி ஓட்டிப் போட்டாயே ஒரு தடம், அதற்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 2218. பளிச்சென்று நீலம்! வானத்திலிருந்து படம் எடுத்தார்களாம், தடம் தெரிந்ததாம், தெரிந்ததெல்லாம் பாதையாம்.

அது மட்டும் நீலமாக நின்றுவிட்டால் ஓடைப் பாதையும் மின்கம்பி ரோடும் சேர்ந்து ஒரு சுற்று ஆகிவிடும். சனி ஞாயிறில் இருநூறு பைக் நம் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டு போகும். இப்போது வருகிற பத்து இருபதுக்கே நான் ஈரத்துணியை ஜன்னல் இடுக்கில் அடைத்து வைக்கிறேன். அத்தனை தூசியை உன் அப்பா தாங்க மாட்டார் டோபின். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊரில் சும்மா இருந்தோம் என்று நினைக்காதே. உனக்கு ஏழாம் வகுப்பு எடுத்த ஆர்லீன் டீச்சர், வண்டிச் சக்கரத்தில் பாலைவன ஆமைகள் சாகின்றன என்று ஆமைப் படம் போட்ட அட்டை அச்சடித்து, வீடு வீடாகப் போய் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். நாங்கள் நேரில் போய்க் கேட்டபோது நில அலுவலகத்துக் கிம்பால் அம்மாள் ரொம்ப மரியாதையாக, "ஒரே வாசகம்னா கணக்குல ஒரே கருத்துதான். இது ஓட்டெடுப்பு இல்லீங்க"ன்னாள். ஆர்லீனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அங்கேயே நின்றிருந்தார் பைக் சங்கத் தலைவர் ரூபன் ஓர்ட்டேகா. அவர் சிரித்துவிட்டு, "விடுங்க டீச்சர். நாங்க நாலாயிரம் அனுப்பினோம், அதுவும் ஒண்ணுதான். நீங்களும் நாங்களும் சரிக்குச் சரி"ன்னார்.

எதிராளிதான், ஆனாலும் வாசலில் என்னை நிறுத்தி உருப்படியாக ஒன்று சொன்னார். "பொதுவாப் புலம்பி எழுதாதீங்கம்மா. பாதை எண் போடுங்க, வருஷம் போடுங்க, யார் பார்த்ததுன்னு போடுங்க. அதைத்தான் அவங்க உட்கார்ந்து படிப்பாங்க." அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான்கு பக்கம் எழுதிவிட்டேன். ஆனால் அந்தத் தடம் பழைய பாதை இல்லை, ஒரு பையன் விளையாட்டாகப் போட்டது என்று நான் எழுதுவதும், போட்டவனே எழுதிக் கையெழுத்து வைப்பதும் ஒன்றாகுமா?

ஆகவே நீ எழுத வேண்டும். எந்த வருடம், எந்த பைக், எதற்காகப் போட்டாய் என்று ஒரு பக்கம் போதும். மார்ச் 29-க்குள் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். தடத்துக்குக் குறுக்கே அப்பா கட்டிய சங்கிலியைப் பற்றி மட்டும் எழுதாதே. அதை அரசு நிலத்தில் கட்டியதே தப்பு, அது வெளியே வந்தால் அவருக்கு அவமானம். நீ அதில் மோதிக் காறை எலும்பை முறித்துக்கொண்டது, பைக்கில் வருகிறவன் கண்ணில் படக் கட்டுகிற சிவப்புத் துணி அதில் இல்லை என்று நீயும், இருந்தது என்று அவரும் ஆஸ்பத்திரியில் நின்று கத்தியது எல்லாம் நடந்து பதினோரு வருடம் ஆயிற்று. துணி இருந்தது, காற்று கொண்டுபோய்விட்டது. இதை அன்றைக்கே பேசி முடித்தாயிற்று.

குளிருக்கு நல்ல உள்ளாடையாகப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா


மார்ச் 10

அன்புள்ள டோபினுக்கு,

நீ இன்னும் எழுதியிருக்க மாட்டாய். அதுவே நல்லதாகப் போயிற்று. முந்தைய கடிதத்தில் எழுத வேண்டாம் என்றதை இப்போது எழுதச் சொல்லப் போகிறேன். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைக்காமல் கடைசி வரை படி.

நேற்று காலை தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். தண்ணீர் லாரியை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள், ஒரு பக்கம் பைக் ஜாக்கெட்டுகள், நடுவில் காபியும் டோனட்டும். டோனட் பக்கத்தில் மட்டும் சண்டை இல்லை. ஆளுக்கு மூன்று நிமிடம். மேசையில் ஒரு குட்டி விளக்கு, பச்சை மஞ்சளாகி, சிவப்பானால் வாயை மூடிவிட வேண்டும்.

ஆர்லீன் மூன்று நிமிடமும் ஆமையைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன், "ஆமைக்கு எப்போ ஓட்டுரிமை குடுத்தீங்க?"ன்னான். அவள் விடுவாளா, "உனக்கே குடுத்திருக்காங்களேப்பா!"ன்னு திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கத்துக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அப்புறம் நான் போனேன். நான்கு பக்கத்தில் இரண்டு படிப்பதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. மீதித் தாளை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பா வண்டியிலேயே இருக்கிறேன் என்றுதான் வந்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டபோது கதவு திறந்தது. சிலிண்டரைக் கட்டிய தள்ளுவண்டியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு அவர் நடுவழியில் வருகிறார்! எனக்குத் தெரியாமல் எப்போதோ பெயர் கொடுத்திருக்கிறார். மைக் அருகே வந்து சேர்வதற்கே நேரம் பிடித்தது. அவர் நின்று மூச்சு வாங்கி முடிக்கிறவரை கிம்பால் அம்மாள் விளக்கைப் போடாமல் இருந்தாள். அவளுக்குப் புண்ணியம்.

"2218 பாதையே இல்லே. என் பையன் போட்ட தடம். அவன் அதுல போகக்கூடாதுன்னு நான்தான் குறுக்கே சங்கிலி கட்டினேன். அரசாங்க நிலம்னு தெரிஞ்சேதான் கட்டினேன்"னார். கிம்பால் அம்மாள் எழுதிக்கொண்டே, "சங்கிலியில அடையாளம் ஏதாவது வெச்சீங்களா?"ன்னு கேட்டாள். பதிவுக்காகக் கேட்டது, அவ்வளவுதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினோரு வருடமாகச் சொன்னதுதானே?

"இல்லே"ன்னார். "சிவப்புத் துணி கட்டலை. கட்டணும்னு தெரியும். கோபத்துல கட்டலை. கட்டினேன்னு பொய் சொன்னேன். என் பையன் சொன்னதுதான் நிஜம்."

இந்தப் பாலைவனத்தில் துணி இல்லாத சங்கிலி என்றால் என்னவென்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஜாக்கெட் போட்ட ஒருத்தன் எழுந்து, "யோவ், ஆளைக் கொல்லப் பார்த்தியா நீ?"ன்னு கத்தினான். உன் அப்பா அவனைத் திரும்பிப் பார்த்து, "ஆமா தம்பி. என் பையனையே"ன்னார். அதோடு மைக்கை விட்டு நகர்ந்துவிட்டார். விளக்கு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

சிலிண்டர் வண்டியை வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்தது ரூபன் ஓர்ட்டேகாதான். "அம்மா, நான் திறக்கச் சொல்லித்தான் எழுதுவேன், அது என் சங்கத்துக்குச் செய்ய வேண்டியது. ஆனா இவர் சொன்னது பொய்னு எழுத மாட்டேன்"னார். கிம்பால் அம்மாள் பின்னாலேயே வந்து, தடம் எந்த வருடம் வந்தது என்று போட்டவரே எழுதினால் அதைத் தனியாகப் பதிவில் சேர்ப்பதாகச் சொன்னாள். வாக்குறுதி எதுவும் தரவில்லை. தர முடியாதாம்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் உன் அப்பா, "அவனை எல்லாத்தையும் எழுதச் சொல்லு லோரீன். எவ்வளவு வலிச்சுதுன்னும் எழுதச் சொல்லு"ன்னார். நான் அழுதேன். அவர் அழுதாரா என்று கேட்காதே, அவர் விரும்பமாட்டார்.

இனி என் முறை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும், ஷெரிப்பிடமும், உன்னிடமும், துணியை என் கண்ணால் பார்த்தேன் என்று நான்தான் சொன்னேன். அன்று காலை துணி உலர்த்தப் போனபோது சங்கிலியைப் பார்த்தேன் டோபின். வெறும் சங்கிலிதான். சிவப்புத் துணி கட்டவில்லையே என்று மனசுக்குப் பட்டது. ஈரத்துணியெல்லாம் கையில் இருந்தது, உலர்த்திவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அப்புறம் உன் பைக் சத்தம் கேட்டது. உன் அப்பாவை விட்டுக்கொடுக்க முடியாமல் பொய் சொன்னேன். அதில் உன்னை விட்டுக்கொடுத்தேன்.

2218-க்காக நான் விடப்போவதில்லை. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் இன்னொரு நான்கு பக்கம் எழுதத்தான் போகிறேன். அடுத்த கூட்டத்துக்கும் போவேன், மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறதாம், அதற்கும் போவேன். ஆனால் நீ எழுதினால் உன் அப்பா அதைப் படிப்பார். கெடுவுக்குப் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. அவருக்கு எத்தனை நாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உன் வலைகள் நிறையட்டும். கடல் உன்னை நல்லபடியாகக் கரைசேர்க்கட்டும். பாதையை நீ போட்டதாக எழுது, அப்பா சங்கிலி கட்டியதாக எழுது, அதில் துணி இல்லை என்று எழுது. கீழே சாட்சி என்ற இடத்தில் என் பெயரைப் போடு. கேட்டால் இந்தத் தடவை நான் பார்த்ததைத்தான் சொல்வேன்.

உன் அம்மா,
லோரீன் ஸ்டாட்லர்