நல்ல கண்ட்ரோல் விருந்தாளிக்கு

அடேய் அன்வர், என் செல்லத் தடியா,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். அதனால் என் நலத்தை நானே சொல்லிவிடுகிறேன். தொப்பை நலம். தலைமுடி முக்கால்வாசி கிளம்பிவிட்டது. லஸ் முனையை மெட்ரோவுக்காகத் தோண்டியதில், பிறந்து வளர்ந்த மயிலாப்பூரிலேயே வழி கேட்டு நடக்கிறேன். உன் எதிர்வீட்டு வக்கீல் திடீரென்று தலைக்கு மை பூச ஆரம்பித்திருக்கிறார். யாருக்காக என்று தெருவே ஆராய்ந்துகொண்டிருக்கிறது. நீ இருந்திருந்தால் இந்நேரம் முடிவு தெரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். போகவே பயமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உன் அப்பா பர்மா பஜாரிலிருந்து வாங்கிவந்த வீடியோ கேம் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? கூடவே ஒரே ஒரு கேசட். வெள்ளைத் தரையில் மட்டையோடு வழுக்கி வழுக்கி ஓடும் ஹாக்கி. பனிக்கட்டியைக் கரும்புச்சாறு வண்டியில் மட்டுமே பார்த்திருந்த நாம், யாரோ தரையைக் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றே நம்பினோம். "காய்றதுக்குள்ள இன்னாத்துக்குடா வெளயாட வுட்டாங்க?" என்று ரெஃபரியைத் திட்டுவாய். உங்கள் வீட்டு மொசைக் தரையில் சோப்புத்தூள் கரைத்து நாமும் அப்படியே ஆடிப் பார்த்தோம். நான் நேராகப் போய் பீரோவில் மோதினேன். அன்று உடைந்த பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆட்டக்காரர்களில் ஒல்லி, நடுத்தரம், தடியன் என்று மூன்று ரகம். நான் ஒல்லிகளாகப் பொறுக்குவேன், நீ தடியன்களாக. என் ஒல்லிகள் பறந்து வந்து உன் தடியன் மேல் மோதி மல்லாந்து விழுவார்கள். "இன்னா நைனா, பசங்க படுத்துக்கினாங்களா? போர்வை குடுக்கட்டா?" என்பாய். அந்தச் சிரிப்புக்காகவே உன்னை ஒருநாள் தோற்கடித்துவிட வேண்டும் என்று அலைந்தேன். நடக்கவில்லை.

இத்தனைக்கும் பெட்டியோடு வந்த இரண்டு கண்ட்ரோல்களில் நல்லது என் கையில். இன்னொன்றில் இடது பக்கப் பொத்தான் சீக்கிரமே செத்துப்போனது. கட்டைவிரல் நகத்தால் குத்தினால் மனமிரங்கி ஒருதடவை வேலை செய்யும். "வந்தவங்களுக்கு நல்லதைக் குடுடா" என்பது உன் அம்மாவின் சட்டம். சாப்பாட்டுத் தட்டானாலும், ஃபேனுக்கு நேரான இடமானாலும், கண்ட்ரோலானாலும் அதே சட்டம்.

நானா வந்தவன்? "நாள் பூரா அவாத்துலயே கெடந்துண்டு, சாப்பிட மட்டும் இங்க வரயேடா, வெக்கமா இல்ல?" என்று என் அம்மா கேட்கும் அளவுக்கு அங்கேயே கிடந்தவன். ஆனாலும் நல்ல கண்ட்ரோல்தான் எனக்கு. ஒரு லீவுக்கு ஆம்பூரிலிருந்து உன் சித்தப்பா மகன் வந்தானே, அவன் யாரையும் கேட்காமல் உடைந்ததை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவன் வீட்டுப்பிள்ளை. அந்த ஓட்டைக் கண்ட்ரோலுக்காக அன்றைக்கு எனக்கு வந்த பொறாமையை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாயா, கொடுத்திருப்பாயா?

நீ போன பிறகு உன் வீட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் அதே பொறாமைக்காரன்தான் நிற்கிறான். முன்பெல்லாம் உன் மனைவி ரெஹானா வெளியே வந்துகூடப் பார்க்கமாட்டாள். "அண்ணா, வாசல் கழுவியிருக்கு, செருப்பை நனைய விடாதீங்க" என்று சமையலறையிலிருந்தே குரல் வரும், பின்னாலேயே எவர்சில்வர் டம்ளரில் டீ வரும். இப்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டு "வாங்க" என்கிறாள். தங்க விளிம்புக் கோப்பை, தட்டில் பிஸ்கட். உன்னோடு சேர்த்து என்னையும் அந்த வீட்டிலிருந்து அனுப்பிவிட்டார்களோ என்று நினைத்தேன். ஞாயிறன்றும் அதே கோப்பைதான் வந்தது. பாதி டீயில் எழுந்து கிளம்ப ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உன் மகள் ஆயிஷா பரணிலிருந்து உன் பழைய குட்டி டிவியையும் அந்த வீடியோ கேம் பெட்டியையும் இறக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இது ஓடுமா?"

கேசட்டை வாயில் வைத்து ஊதினேன். நம் வைத்தியம்தான். இரண்டாம் ஊதலில் வெள்ளைத் தரை வந்துவிட்டது. ஆயிஷா தடியன்களாகப் பொறுக்கினாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. நான் பழக்கதோஷத்தில் நல்ல கண்ட்ரோலுக்குக் கையை நீட்டினேன். கையில் பட்டென்று ஒரு அடி.

"அது என்னுது. நல்லது வெளியாளுக்குத்தான்னு அப்பா சொல்லுவாரு. வெளியாளுங்க யாரும் இல்லன்னா, மொதல்ல எடுத்தவங்களுக்கு. நீங்க இன்னா வெளியாளா?"

உடைந்ததை என் மடியில் போட்டாள். நான் குனிந்து இடது பொத்தானைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தேடினேன். இருக்கிற இடம் எனக்குத் தெரியாதா?

ரெஹானா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தத் தங்க விளிம்புக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "அண்ணா, ஆறிப்போச்சு, வேற தரேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. டம்ளரில் வந்தது.

தோற்றேன், கேவலமாக. என் ஒல்லிகள் உன் மகளின் தடியன்கள் மேல் மோதி வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். கட்டைவிரல் வீங்கிவிட்டது. இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டா என்னை ஜெயித்தாய்? வலிக்கிறது என்று ஒருநாளாவது சொன்னாயா?

ரிச்சி தெருவில் கொடுத்தால் பொத்தானை மாற்றித் தருவார்கள் என்று ஆயிஷா சொல்கிறாள். மாற்ற விடமாட்டேன், இது சத்தியம். ஞாயிறுதோறும் போவேன், அதே ஓட்டையை எடுத்துக்கொண்டு உட்காருவேன், உன் மகளிடம் தோற்றுவிட்டு வருவேன். நீ நிம்மதியாகச் சிரி.

உனக்கு மச்சி, ஆயிஷாவுக்கு மாமா,
உன் வீட்டாள்,
பத்ரி