சாக்பீஸில் வரைந்த கதவு

என் வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வண்டி ஓட்டப் போகிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் வீடியோ காலில் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். போனில் டைப் அடித்தால் அனுப்புவதற்குள் நாலு தரம் அழித்துவிடுகிறேன்டி, பேப்பரில் எழுதினால் அடித்துத் திருத்தியது கூட உனக்குத் தெரியும். அதனால்தான்.

முதலில் ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால், நம் மார்க்கெட் மாடியில் தையல் கடை வைத்திருந்த மாடி மாமா மாரடைப்பில் போய்விட்டார் என்று சொன்னேன். நீயும் அழுதாய், உன் யூனிஃபார்ம் ஒவ்வொன்றிலும் உள்ளுக்குள் ரகசியமாக ஒரு பை வைத்துத் தைப்பாரே என்று சொல்லிச் சொல்லி அழுதாய். மாரடைப்பு இல்லை கண்ணு. இரண்டாவது மாடியில் வயர் பற்றி எரிந்து புகை மேலே ஏறியது, மட்டமத்தியானம். அந்தக் கட்டடத்துக்கு ஒரே ஒரு படிக்கட்டு, அதுவே புகைக்கூண்டாகிவிட்டது. கீழே இருந்த நாங்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்துவிட்டோம். மூன்றாவது மாடியில் அவர் மட்டும். கண்டுபிடித்தபோது பின்பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தாராம். அந்தச் சுவரில் ஒரு கதவு இருந்தது, ஆனால் சாக்பீஸில் வரைந்த கதவு. துணியில் கோடு போடுகிற அந்த நீலச் சாக்பீஸால், அளவு நாடா வைத்து, இரண்டாவது படிக்கட்டு வரும்போது இங்கேதான் உடைக்க வேண்டும் என்று அவரே வரைந்து வைத்தது.

படிக்கட்டு வரப்போகிறது என்று அவரிடம் சொன்னது யார் தெரியுமா, நான்தான். "முடிஞ்ச மாதிரிதான் மாமா, நம்ம சங்கம் சொல்லிடுச்சுல்ல" என்றேன். அந்தச் சந்தோஷத்தில்தான் வரைந்தார்.

இப்போது சங்கத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன் கேள். நகராட்சியில் இந்தப் பக்கம் ஒன்பது கவுன்சிலர், அந்தப் பக்கம் ஒன்பது. இதற்குத் தலைமை பல் டாக்டரம்மா, அதற்குத் தலைமை வக்கீல். ஆறு வருஷமாக ஒருவர் இருக்கிற அறையில் இன்னொருவர் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் கை தூக்கினால் எதுவும் நிறைவேறாது, அதனால் எங்கள் வியாபாரிகள் சங்கம் ஒரு வழி வைத்திருந்தது. எந்த வேலை ஆக வேண்டுமென்றாலும் இரண்டு கடிதம். டாக்டரம்மாவுக்கு 'தங்கள் அணி கண்ட கனவு' என்று ஒன்று, வக்கீலுக்கு 'தங்கள் அணி போராடிப் பெறும் உரிமை' என்று ஒன்று. இருவரும் இது என் பிள்ளை என்று நினைத்துக் கை தூக்குவார்கள். அவர்களைத் தனித்தனி நாளில் கூப்பிட்டு, தனித்தனியாக டீ கொடுத்து, இருவருக்கும் தலையாட்டுவோம். செயலாளர் என்ற முறையில் எழுதுவது நான். யூடியூப் பார்த்து போன் ரிப்பேர் கற்றவள் அதே மாதிரி கடிதம் எழுதவும் கற்றுக்கொண்டேன், எனக்கு அதில் கர்வம் வேறு. அப்பா கூட, "ரெண்டு மாமியாருக்கு ஒரே மருமக மாதிரி எழுதறியேடி" என்பார்.

படிக்கட்டுக்கும் அப்படித்தான் எழுதினேன். உறையில் போட்ட அன்று நகராட்சிக் கூட்டம் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த லைவ் என்றால் உயிர் என்று உனக்குத்தான் தெரியுமே. டாக்டரம்மா வக்கீலைப் பார்த்து "உங்க வாயில எத்தனை சொத்தை இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்ல, நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு கமெண்ட்டில் நெருப்புப் பொம்மையாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். இடது கை உறை ஒட்டியது. டாக்டரம்மா கடிதம் வக்கீலுக்குப் போயிற்று, வக்கீல் கடிதம் டாக்டரம்மாவுக்குப் போயிற்று.

இது எதிராளியின் பிள்ளை என்று இருவருமே நினைத்து, அடுத்த கூட்டத்தில் படிக்கட்டை ஒத்திவைத்தார்கள். இரண்டே நிமிஷம். அதற்கு மட்டும் பதினெட்டுக் கையும் ஒன்றாக உயர்ந்தது வாலு, நான் லைவில் பார்த்தேன். சங்கத் தலைவர், அதான் இரும்புக்கடை அண்ணன், என்னைக் கூப்பிட்டு, "ஆனது ஆச்சும்மா, இப்போ போய் ரெண்டு கடிதம் எழுதற வழக்கம்னு ஒத்துக்கிட்டா நம்ம மானம் போயிடும், தேர்தல் முடியட்டும், சூடு ஆறட்டும்" என்றார். நானும் சரி என்றேன். மாமாவிடம் ஒத்திவைத்ததைச் சொல்லவில்லை. அவர் தினமும் கோடு அழியாமல் மேலே ஒரு தரம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்துப் புகை.

அன்றிலிருந்து நடக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும், பைத்தியம் என்று நினைக்காதே. என் கடை தரைத்தளத்தில். மத்தியானம் மூன்று மணிக்கு ஆள் வரத்துக் குறையும்போது மேலே தையல் மெஷின் ஓடுகிறது. கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், துணியைத் திருப்புகிற மாதிரி, மறுபடி ஓடும். மூன்றாவது மாடி சீல் வைத்துப் பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வளையல் கடைக்காரியிடம் கேட்டேன், "எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா, நீ ஹெட்செட்டைக் கழட்டு" என்றாள். கழற்றித்தான் வைத்திருந்தேன். சிறு ஸ்குரூவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்ப்பேன், நின்றுவிடும். குனிந்தால் ஓடும்.

ஊரெல்லாம் கட்சிக்காரர்களைத் திட்டியது. டாக்டரம்மா வக்கீலைச் சொன்னார், வக்கீல் டாக்டரம்மாவைச் சொன்னார். நானும் வேறு பெயரில் இருவரையும் கமெண்ட்டில் கிழித்தேன், முந்நூறு லைக் வந்தது. அன்று மத்தியானம் மெஷின் ஒரு மணி நேரம் நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரையும் மூன்றாவது மாடிக்கே கூப்பிடுவோம், ஒரே அறை, ஒரே கடிதம், இரண்டு கையெழுத்து என்றேன். "அவங்க சேர மாட்டாங்கம்மா" என்றார். அண்ணே, அவங்க சேரத் தேவையே இல்லாதபடி நாமதானே இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டோம் என்றேன். அவர் ஆணிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "உனக்கும் கேக்குதா?" என்று கேட்டார்.  அவர் கடை எங்கள் கட்டடத்திலேயே இல்லை, எதிர்வரிசையில்.

மறுநாளே சங்கத்தைக் கூட்டினார். மைக் செட்காரர், நாற்காலி வாடகைக்காரர், மண்டபக்காரர், போஸ்டர் அடிக்கிற பிரஸ்காரர் எல்லோரும் எங்கள் சங்கம்தானே. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காரும் வரை எந்தப் பக்கத்துக்கும் மைக் இல்லை, நாற்காலி இல்லை, போஸ்டர் இல்லை என்று முடிவாயிற்று. மைக் செட்காரர்தான் புலம்பினார், "ரெண்டு பேரும் மைக் இல்லாமலே எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி கத்துவாங்களே" என்று. ஆனாலும் சம்மதித்தார். பத்தாவது நாள் இரண்டு பக்கமும் வருவதாகச் சொல்லிவிட்டது. தேர்தல் வருகிற நேரத்தில் நின்றுகொண்டே கூட்டம் நடத்த யாருக்கு முடியும்?

சீல் உடைத்து ஏறினோம். நான்தான் முதலில் மெஷினைப் பார்த்தேன். சக்கரத்தில், பெடலில், ஊசியில் எல்லாம் கரி, ஒரு விரல் பட்ட தடம் இல்லை. சுவர் முழுக்கக் கரி. அந்த நீலக் கோடு மட்டும் உள்ளிருந்து வருகிற மாதிரி தெரிந்தது. டாக்டரம்மாவும் வக்கீலும் மாமாவின் வெட்டு மேசைக்கு இரு முனையிலும் உட்கார்ந்தார்கள். மாமாவின் மனைவி அத்தை ஓரமாக நின்றார், உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ஐந்து நிமிஷத்தில் சண்டை ஆரம்பம், கெடுத்தது நீ நான் என்று. டாக்டரம்மா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் போட்டார், வக்கீல் கோப்பிலிருந்து தன் கடிதத்தை எடுத்துப் போட்டார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் கீழே என் கையெழுத்து. இருவரும் படித்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பேர் முகத்திலும் ஒரே பாவம்.

உறை மாறியதைச் சொன்னேன். மாறாமல் இருந்தாலும் அது பொய்தான் என்பதையும் சொன்னேன். ஒத்திவைத்தது தெரிந்தும் மாமாவிடம் மறைத்ததை அத்தையைப் பார்த்துச் சொன்னேன். அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, "மூடி வைன்னு சொன்னது நான்" என்றார்.  அத்தைதான் பேசினார், அந்த இருவரையும் பார்த்து. "ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். உங்க ரெண்டு பேருக்கும் துணி தைச்சுக் குடுக்க அளவு வாங்கணும்னார்." அவ்வளவுதான். வக்கீல் பேனாவைத் திறந்தார்.  நான் எழுதிக்கொண்டு போயிருந்த அந்த ஒரே கடிதத்தின் ஓரத்தை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார், வக்கீல் கையெழுத்துப் போட்டார். பிறகு வக்கீல் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா போட்டார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது.

நேற்று புதன்கிழமை லைவ். பதினெட்டுக் கையும் உயர்ந்தது. நான் கமெண்ட் போடவில்லை. இன்று காலை கொத்தனார் வந்து எங்கே உடைக்கட்டும் என்று கேட்டார். அத்தை மாமாவின் மேசை டிராயரிலிருந்து சாக்பீஸை எடுத்து, அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு தரம் போட்டுக் காட்டினார். மூன்று மணிக்கு மெஷின் சத்தம் வந்தது. சம்மட்டி அடிகளுக்கு நடுவிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. படி கட்டினால் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது நிற்க வேண்டும் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றுகிறது.

உனக்கும் இரண்டு கடிதம்தான் எழுதியிருக்கிறேன் பார். மாரடைப்பு என்று போனில் சொன்னது உனக்குப் பிடித்த மாதிரி எழுதியது. இதுதான் மற்றது. கோபம் வந்தால் கோபப்படு, ஆனால் அப்பாவிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றுமாகப் பேசாதே.

நீ பதினோராவது மாடியில் வேலை பார்க்கிறாய். நாளைக்கே இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்டு, ஒரு தரம் கீழே வரை இறங்கிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல். யாராவது இருக்கிறது என்று சொன்னால் நம்பாதே, கதவைத் திறந்து பார். தலை நோகாமல், மனசு நோகாமல், நீண்ட நாள் நல்லா இரு தங்கம்.

இதற்கு நகல் எடுக்கவில்லை.

உன் அம்மா