கேட்டுவிட்டுத் தொடவும்

மோகனூர்

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், உன் தம்பி குமரன் குடலிறக்கம் நீங்கலாகச் சுகம். டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்?

போன மாதம் நாமக்கல் ஆஸ்பத்திரியில் நடந்ததை அப்பா உனக்குப் பாதிதான் சொன்னார். ஆபரேஷனுக்கு முன் இரத்தம் எடுக்கப் போனோம். தலைமை நர்ஸ் கோகிலவாணி நல்ல மனுஷி, ஊசி குத்தும் முன் எல்லார் நெற்றியிலும் திருநீறு பூசிவிடுவார். ஆட்டிசம் உள்ள நம் குமரனுக்கோ, சொல்லாமல் நெற்றியைத் தொட்டால் தீ பட்ட மாதிரி. கையை வீசினான், தட்டு பறந்தது. உடனே நாலு பேர் சாமி, தங்கம் என்று கொஞ்சிக்கொண்டே அவனைக் கட்டிலோடு கட்டினார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே அலறுகிறான். தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளும், மயக்க மருந்து கொடுத்துத் தூக்கி வாருங்கள் என்றார் டாக்டர். நான் ஒப்பவில்லை. குமரனை மாற்றுவதைவிட நர்சுகளை மாற்றுவது சுலபம், அவர்கள் படித்தவர்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் காலேஜில் நானே ஒரு வகுப்பு எடுக்க அனுமதி கேட்டேன். ஆட்டிசம் பாடம் நடத்தியாகிவிட்டது, ஐந்து மார்க் கேள்வி என்றார் முதல்வர். தினமும் போய் அவர் அறை வாசலில் உட்கார்ந்தேன், கடைசியில் விட்டார். தொடும் முன் சொல்லுங்கள், சொன்னபின் காத்திருங்கள், அவ்வளவுதான் என் பாடம். சொல்வது எல்லாருக்கும் வந்தது. வாயை மூடிக் காத்திருப்பதில்தான் வகுப்பே தோற்றது. வகுப்புக்கு வந்திருந்த கோகிலவாணி எழுந்து, "ஏனுங்கம்மா, பாசமாத் தொட்டாக்கூடத் தப்புங்களா?" என்றார். "பாசம் இருக்கட்டுங்க, கையை மட்டும் எடுத்துருங்க" என்றேன். சொல்லிக் காத்திருப்பதை எல்லாரையும் மறுபடி மறுபடி செய்ய வைத்தேன்.

அதன்பின் கோகிலவாணியே வீட்டுக்கு வந்து, இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பர் பட்டையைக் குமரன் பழகட்டும் என்று கொடுத்துப் போனார். நேற்று அந்தப் பட்டையோடு அவனே ஆட்டோவில் ஏறினான். ஆஸ்பத்திரியில் கூட்டமில்லாத தனி அறை, டியூப்லைட்டை அணைத்திருந்தார்கள். கோகிலவாணி ஒவ்வொன்றாகச் சொன்னார், சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அப்பாதான் பொறுக்காமல் ரெண்டு தடவை இருமினார். குமரன் கையை நீட்டினான். இரத்தம் எடுத்தாயிற்று.

முடிந்ததும் அவர் திருநீற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டி, பேசாமல் நின்றார். குமரன் வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டான், கேட்காமலே. அவனுக்கும் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும்.

புதன்கிழமை ஆபரேஷன். அன்று வீடியோவில் அவனிடம் ஒரே மூச்சில் எட்டுக் கேள்வி கேட்காதே, ஒன்று கேட்டுவிட்டுக் காத்திரு. நீ நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் கண்ணு.

உன் அம்மா
அங்கம்மாள்