மரியாச்சியும் அண்ணனும்

ஐப்பசி 14, செவ்வாய்

மரியாச்சி என்ற மெக்சிகோ நாட்டுப் பாட்டு போன வாரம்தான் தற்செயலாகக் காதில் விழுந்தது. வயலினும் டிரம்பெட்டும் சேர்ந்து வரும். நடுவில் ஒருவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் கத்துவார். அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவும் கேட்கட்டும் என்று இன்று காலை ஸ்பீக்கரில் சத்தமாகவே போட்டேன்.

எங்கள் ஊரில் டிரம்பெட் கேட்டால் சாவு வீடு என்று அர்த்தம். எதிர்வீட்டுக்காரர் வந்து பார்க்கக்கூட இல்லை. அப்பா போய்விட்டார் என்று சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு போன் செய்துவிட்டார்.

இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவன் உடனே கிளம்பிவிட்டான். இதற்கு மட்டும் லீவு கிடைத்துவிட்டது. வழியிலிருந்து எனக்கு போன் செய்தான். பாட்டு நின்று, அதே ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"எத்தனை மணிக்கு எடுக்குறீங்க? செங்கல்பட்டு தாண்டிட்டேன்."

"அப்பா நல்லாத்தாண்ணே இருக்காங்க. நான் பாட்டுதான் போட்டேன்."

"அப்படியா? சரி, அப்ப நான் திரும்பிடுறேன்."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீ பேசாம இருந்திருக்கலாம்மா. சாயங்காலத்துக்குள்ள வந்திருப்பான்."