ஹெக்ஸேனில் புரோமின், மழை வாரம்

நவ. 11, திங்கள்
யுனி இருக்கும் ஸ்கூடாயில் காலையிலிருந்து மழை. துவைத்தது எதுவும் காயவில்லை.
லேப். ஹெக்ஸேனில் புரோமின், இரண்டு குழாய். கு.1 ஜன்னலோரம். கு.2 ஃபாயில் சுற்றி இருட்டில். வெளிச்சம் பட்டால்தான் புரோமின் உடைந்து வேலையைத் தொடங்கும், பழுப்பு நிறம் போகும். பள்ளியில் ஃபார்ம் சிக்ஸ் படிக்கும் பிள்ளைகூடச் செய்துவிடும்.
எனக்கு இருட்டிலிருந்த கு.2-ம் வெளுத்துவிட்டது! கண்ணில் எரிச்சல், தாரை தாரையாய்த் தண்ணீர். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து மேசை ஐனா டிஷ்யூ நீட்டினாள்.
லேப் நடத்தும் டாக்டர் ஸ்டெல்லா கிட்ட வந்ததுமே கண்ணைத் துடைத்தார். "குழாய எதுல கழுவுன?"
"அசிட்டோன்ல, டாக்டர். சீக்கிரம் காயும்னு."
"அதான். மிச்ச அசிட்டோனும் புரோமினும் சேர்ந்தா கண்ணீர்ப் புகைம்மா. வெளிச்சமே வேணாம், நிறம் போயிரும். வியாழக்கிழமை திரும்பச் செய். கடைசி சான்ஸ்."
மக்கு. மக்கு. மக்கு.

நவ. 12, செவ்வாய்
மழை. வாங்க: சோப்பு, மேகி, பேனா.
இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒரு ஃபெயில். இன்னொன்று என்றால் யுனியிலிருந்து வெளியே. வீட்டுக்குத் தெரியாது.
ஊரிலிருந்து, சிம்பாங் ரெங்கத்திலிருந்து, அம்மா போன். "ஃபேக்டரில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் லா, அடுத்த வருஷம் என் மக கெமிஸ்ட்டுன்னு. சாப்ட்டியா?"
சாப்பிட்டேன் என்றேன். பொய்.

நவ. 13, புதன்
மதியம் அரை மணி வெயில். ஓடினேன். லேப் பூட்டு. வெயிலைப் பார்த்து வயிறெரிந்தவள் நான் ஒருத்திதான். வெயிலுக்குப் பதிலாக வைக்கும் யூ.வி. விளக்கும் ரிப்பேர்.
பயமாக இருக்கிறது. வேறு எதுவும் ஓடவில்லை.

நவ. 14, வியாழன்
மழை, இருட்டிக்கொண்டு. குழாய்கள் லேப் ஓவனில் காய்ந்தவை, அசிட்டோன் படாதவை.
2.00 இரண்டும் பழுப்பு.
2.40 இரண்டும் பழுப்பு.
3.10 அதே. அம்மா முகம்.
டாக்டர் வெளியே போயிருந்தார். அசிட்டோன் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில். கு.1-ல் சில சொட்டு. கால் மணியில் வெளுத்தது. 'வெளிச்சத்தில் நிறம் நீங்கியது' என்று எழுதினேன். பாட்டிலை மூடி வைத்தேன்.
டாக்டர் வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்தார். நோட்டைப் படித்தார். மறுபடி துடைத்தார்.
"மழைன்னு எனக்குத் தெரியாதாமா? ரெண்டும் பழுப்பு, வெயில் இல்லன்னு எழுதியிருந்தா பாஸ் போட்டிருப்பேனே."
போன் அடிக்கிறது. அம்மா.